பிறை இருந்த கதவு

எங்கள் வீட்டு முன்வாசலில் இரட்டைக் கதவு. உயரம் ஆறடி ஒன்பது அங்குலம், இரண்டும் சேர்ந்த அகலம் மூன்றடி பத்து அங்குலம். கதவைத் தாங்கும் பிணைச்சல் ஆறு, தாழிடும் கொண்டி மூன்று. வலது கதவின் மேற்பலகையில் ஒரு பித்தளைத் தாமரையை நான்கு திருகாணிகளால் பூட்டி வைத்திருந்தோம். அந்தத் தாமரைக்குக் கீழே முன்பு ஒரு பிறை இருந்தது. மரத்தில் புடைத்து நிற்கச் செதுக்கிய பிறை. அதை வெட்டி எடுப்பித்தவன் நான். எழுபத்து நான்கு வயதில் ஒல்லாந்தில் ஒரு சின்ன நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போய், அங்கே இந்தக் கதவு விஷயத்தில் அகப்பட்டுக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

கதவு வந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் முற்றத்தில் ஷெல் ஒன்று விழுந்து பழைய கதவையும் நிலையையும் சிதறடித்தது. எட்டு மாதம் வாசலில் சாக்குத்தான் தொங்கியது. வீட்டில் வளர்ந்த பெண்பிள்ளைகள் இருவர். சீமெந்தும் இல்லை, மரமும் இல்லை. அந்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் சனத்தை, அப்போது ஊரை ஆண்ட இயக்கத்தார் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய வீடுகளின் கதவும் யன்னலும் ஓடும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறிக் கிராமங்களுக்கு வந்தன. "பழைய மரம்" என்று சொல்லி விற்றார்கள். நாங்களும் பழைய மரம் என்று சொல்லியே வாங்கினோம். எங்கே கழற்றியது என்று விற்றவன் சொல்வதில்லை. வாங்குகிறவன் கேட்பதுமில்லை. அதுதான் அப்போதிருந்த முறை. நானும் கேட்கவில்லை. பிணைச்சல்கள் சரியாக ஆறும் இருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிப் பார்த்தேன்.

கதவை நிலையில் பொருத்த வந்த தச்சு ஓடாவியார் பிறையைத் தடவிப் பார்த்தார்.

"வடிவான வேலை ஐயா. இருக்கட்டுமே. சிவபெருமான்ரை தலையிலையும் பிறைதானே."

"வேண்டாம். வாற சனம் கேக்கும்," என்றேன்.

"கேட்டால் சிவபெருமான்ரை எண்டு சொல்லுங்கோவன்."

"நீர் வெட்டும்."

அரை மணித்தியாலத்தில் வெட்டிவிட்டார். அந்தக் காலத்தில் ஒன்றும் கதைக்க முடியாது என்று எங்கள் வயதுக்காரர் சொல்வார்கள். அது உண்மை. கதைக்க முடியாத காலம்தான். ஆனால் கதவு வாங்காமல் இருக்க முடிந்த காலம்.

இனி ஒல்லாந்துப் பயணம். முப்பத்தொரு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் பகுதி வெங்காயச் செய்கையாளர் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். சுன்னாகம், சண்டிலிப்பாய், பண்டத்தரிப்புப் பக்கம் எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு அங்கத்தவர்கள். வெங்காயத்தைப் பழுதாகாமல் சேமித்து வைப்பது பற்றி அந்த நகரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அதற்குச் சங்கத்திலிருந்து ஒருவரை அழைத்தார்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஆள் நான் என்பதால் என்னைப் பிடித்து அனுப்பினார்கள். பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். மனைவி மூன்று கம்பளிச் சட்டைகளும், ஒன்பது நாளுக்கு இருபத்தேழு மருந்துக் குளிசைகளும் கட்டித் தந்தார்.

கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு முடிந்தது. விமானம் ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாடுகளிலிருந்து வந்த பதினொரு பேரும் பெரிய நகரம் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்குப் பயம். கடவுச்சீட்டு உள்சட்டைப் பையில் இருக்கிறதா என்று அன்று காலையிலேயே ஒன்பது தடவை தொட்டுப் பார்த்திருந்தேன். ஆகவே அந்தச் சின்ன நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

வெள்ளி பின்னேரம் நடந்து பார்த்தேன். வாய்க்கால்கள் தெருவைப்போல நகரத்துக்குள் ஓடுகின்றன. பதினான்கு பாலங்கள் எண்ணினேன். ஒன்பது கல்வளைவு, ஐந்து தூக்குப் பாலம். வீடுகள் செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று தோள் முட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றின் முகட்டிலும் ஒரு கொழுக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. படி ஒடுக்கம் என்பதால் அலுமாரி, கட்டிலையெல்லாம் அந்தக் கொழுக்கியில் கயிறு போட்டு யன்னலால் ஏற்றுவார்களாம். மணிக்கூட்டுக் கோபுரம் கால் மணிக்கொரு தடவை ஒரு பாட்டின் துண்டை அடிக்கும். நான்கு துண்டும் சேர்ந்தால்தான் பாட்டு முழுமையாகும் என்று நினைத்து ஒரு மணித்தியாலம் குளிரில் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். நான்கும் நான்கு வேறு பாட்டு.

சனிக்கிழமை காலை, விடுதியில் ஒரு சைக்கிள் இரவல் தந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். முப்பத்தொரு வருடம் வயல் வயலாகச் சைக்கிளிலேயே திரிந்தவன், இதிலாவது இவர்களுக்குக் குறைந்தவனில்லை என்று ஏறினேன். ஆறு பாலங்கள் கடந்தேன். ஏழாவது பாலத்தின் இறக்கத்தில் கால் ஓய்ந்ததும், நாங்கள் எல்லோரும் செய்வதுபோல, மிதியை விளையாட்டாகப் பின்பக்கம் சுழற்றினேன். எங்கள் சைக்கிளில் அது கரகரவென்று சத்தம் போடும், அவ்வளவுதான். அந்த நாட்டுச் சைக்கிளில் பின்பக்கம் மிதிப்பதுதான் பிரேக். சைக்கிள் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

முழங்காலும் உள்ளங்கையும் உரசிப்போயின. அதைவிட, இரவல் சைக்கிளைப் பழுதாக்கிவிட்டேனே என்றுதான் பயந்தேன். வழியால் வந்த ஒரு பெண் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஒரு ஒழுங்கையைக் காட்டினார். அதில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை. உருட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தி, முன்சில்லில் வளைந்த கம்பிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு… ஆறு."

"ஏழு," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "காத்தடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலை ஒண்டை விட்டிட்டியள்."

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் எண்ணெயோடு வெளியே வந்தார். நரைத்த குறுந்தாடி, நீல மேற்சட்டை.

"விழுந்தியளோ ஐயா?"

"இல்லை, இறங்கினனான்."

"ஊரிலை இப்பிடித்தான் இறங்குறனீங்களோ?" என்று சிரித்துக்கொண்டே ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

யாழ்ப்பாணத்தான் ஒருவனைக் கண்டால் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான். நானும் அதைக் கேட்டேன்.

"தம்பி எவடம்?"

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்திலை எவடம்?"

"ரவுனுக்குள்ளை."

"ரவுனுக்குள்ளை எவடம்?"

"மூண்டு தரமும் கேட்டிட்டியள். இனிச் சொல்லாட்டில் விடமாட்டியள்," என்றார். "சோனகதெரு."

நான் குனிந்து முழங்கால் காயத்தைப் பார்த்தேன். சோனகதெரு என்றால் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதி. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தேநீர் வைக்கப் போனார். நான் சுன்னாகப் பக்கம் என்று சொன்னதும் கேத்தலோடு திரும்பி வந்தார்.

"சுன்னாகமோ! எங்கடை வாப்பா இரும்புக்கடை வைச்சிருந்தவர். கிழமைக்கு ரெண்டு தரம் சுன்னாகச் சந்தைக்கு மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு வாறவர். நானும் லொறியிலை ஏறி வருவன். சந்தைக்குள்ளை வெங்காயப் பிடி இவ்வளவு உயரத்துக்கு நிக்கும்." கையை நெஞ்சுக்கு உயர்த்திக் காட்டினார். "நீங்க எங்கடை வாப்பாட்டை மண்வெட்டி வாங்கியிருப்பியள்."

"வாங்கியிருப்பன்," என்றேன். உண்மையாகவும் இருக்கலாம்.

முழங்காலுக்கு மருந்து பூசினார். மரக்கறிதானே சாப்பிடுவீர்கள் என்று கேட்டு, மேல்மாடிக்குப் போய்ப் பாணும் பருப்பும் கொண்டு வந்தார். "முட்டைகூட இல்லை, பயப்பிடாமல் சாப்பிடுங்கோ." பதினாறு வயதில் வெளிக்கிட்டதாகச் சொன்னார். புத்தளத்தில் முகாமில் ஏழு வருடம், பிறகு இங்கே. வெளிக்கிட்ட நாளைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. "உம்மா சோத்துப் பானையை அடுப்பிலை வைச்சபடி. கதவைப் பூட்டித் திறப்பை வந்தவங்களிட்டைக் குடுத்திட்டு நடந்தம்," என்றார். அவ்வளவுதான்.

சில்லைக் கழற்றி வளைவு பார்த்தபடியே பிறகு அவர் கேட்டதுதான் விஷயம்.

"ஐயா, நீங்க வேலை அலுவலா எல்லா ஊரும் திரிஞ்ச ஆள். ஒரு கதவு கண்டிருப்பியளோ?"

"என்ன கதவு?"

"எங்கடை வீட்டு முன்கதவு. இரட்டைக் கதவு. கொடி வேலைப்பாடு, மேலை ஒரு பிறை. வாப்பா மரம் தேடி எடுத்துச் செய்விச்சது."

கடித்த பாணைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

அவர் விளக்கமாகச் சொன்னார். வாப்பா இறந்துவிட்டார். உம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது, இன்னும் புத்தளத்தில் இருக்கிறார். சகோதரர்கள் எல்லோரும் சேர்ந்து பழைய வீட்டைத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். சுவர் எழும்பி, கூரை போட்டு, யன்னலும் வைத்தாகிவிட்டது. முன்கதவு மட்டும் இல்லை.

"உம்மா விடுறா இல்லை ஐயா. பழைய கதவு எங்கையோ ஒரு வீட்டிலை நிக்குது, அது வரும் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா. புதுக் கதவு போட்டால் நான் வரமாட்டன் எண்டுறா. கதவில்லாத வீட்டிலை மனிசர் எப்பிடி இருக்கிறது? ரெண்டு வருசமா வீடு திறந்துபோய்க் கிடக்கு."

"கண்டுபிடிச்சால்?"

"விலை சொன்னால் குடுப்பன். கோவமெல்லாம் இல்லை. வைச்சிருக்கிற ஆக்களும் என்ன செய்யிறது, அந்தக் காலம் அப்பிடி."

அந்தக் கடைசிச் சொல்லை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்காக அதையும் அவரே சொல்லிவிட்டார்.

கைபேசியில் ஒரு படம் காட்டினார். அக்காவின் கலியாணப் படம். மணப்பெண்ணுக்குப் பின்னால் கதவு. பிறை இருக்கவேண்டிய இடத்தைப் பெண்ணின் தலையும் பூவும் மறைத்திருந்தன. ஓரமாக ஏறிய கொடியில் பூக்கள் தெரிந்தன. நான் எண்ணினேன். எங்கள் கதவில் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பூ. படத்தில் ஏழு வரைக்கும் தெரிந்தது, எட்டாவதில் பெண்ணின் தோள் வந்துவிட்டது. அந்தப் பகுதியில் எத்தனையோ நூறு வீடுகள். வசதியான வீடு எல்லாவற்றிலும் இப்படி ஒரு கதவு இருந்திருக்கும். நூறில் ஒன்று, இருநூறில் ஒன்று, அதற்குள் இது எங்கள் கதவாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். கணக்கு எனக்குச் சாதகமாகவே வந்தது.

"தெரியேல்லைத் தம்பி. உப்பிடிக் கதவு கனக்க இருந்தது," என்றேன்.

"அதுதான் ஐயா. கனக்க இருந்தது," என்று கைபேசியைப் பையில் போட்டார்.

சில்லைப் பூட்டி முடித்ததும் கடையை அடைத்துவிட்டார். "இனி நீங்க தனியப் போனால் பதினாலு பாலத்திலையும் விழுவியள். வாங்கோ, நான் காட்டுறன்." அவர் தன் சைக்கிளில் முன்னால், நான் பின்னால். பின்பக்கம் மிதிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு பாலத்திலும் திரும்பிச் சத்தம் போட்டார். அவர் காட்டியிராவிட்டால் நான் அந்த நகரத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. பழைய காலத்தில் வண்டிச் சாமான்களை நிறுத்த நிறுவைக்கூடம், வாய்க்காலில் கட்டி நிற்கும் வீட்டுப் படகுகள், மீனுக்குக் காத்து நிற்கும் நாரை, வெங்காயமும் பூச்செடிக் கிழங்கும் பக்கத்தில் பக்கத்தில் விற்கும் சந்தை. சந்தையில் வெங்காயத்தை நான் நசித்து மணந்து பார்க்க, கடைக்காரி முறைத்தாள். "இவர் வெங்காயப் பெரியவர்" என்கிற மாதிரி ஏதோ அவர்கள் மொழியில் சொல்லி அவர் சமாளித்தார். அவள் சிரித்து ஒரு வெங்காயத்தை என் பையில் போட்டாள்.

வீடுகளின் யன்னல்களில் திரையில்லை. தெருவிலிருந்தே உள்ளே மேசை, விளக்கு, புத்தகம் வாசிக்கும் கிழவர் எல்லாம் தெரிகிறது. எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"ஏன் தம்பி இவை திரை போடாயினம்?"

"எங்களிட்டை ஒளிக்க ஒண்டுமில்லை எண்டு காட்டுறதாம். பழைய பழக்கம்," என்றார். பிறகு சிரித்தார். "உள்ளுக்கு ஒளிச்சு வைச்சிருப்பினம், அது வேறை கதை."

ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, நிலத்தைக் காட்டினார். நடைபாதைக் கற்களுக்கு நடுவே, உள்ளங்கை அளவில் பித்தளை முகம் போட்ட நான்கு கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பேர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு.

"ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்திலை இந்த வீட்டிலை இருந்த யூத ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போனவை. ஒருத்தரும் திரும்பேல்லை. அதுதான் வாசலிலை பேர் பதிச்சிருக்கினம்."

நான்கில் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆறு வயது, மூன்று வயது. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். தம்பி, எங்கடை வீட்டிலை ஒரு கதவு நிக்குது, வந்து பாரும் என்று. எட்டே எட்டுச் சொல். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இந்த ஊரிலை உப்பிடி எத்தினை கல்லு இருக்கு?"

அவர் சைக்கிள் கைபிடியைத் திருப்பினார்.

"ஐயா எல்லாத்தையும் எண்ணுறியள்," என்றார். "நான் எண்ணேல்லை."

அன்று பின்னேரம் அவர் என்னை விடுதி வாசலில் விட்டுவிட்டுப் போன பிறகு, அறையில் போய்க் குளிசையை எடுத்தேன். ஏழு இருக்க வேண்டியதற்கு எட்டு இருந்தது. மத்தியானம் போட மறந்திருக்கிறேன். மூன்று தடவை எண்ணியும் அது எட்டாகவே இருந்தது.

ஞாயிறு காலை ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டார். மனைவிக்கென்று ஒரு டின் பிஸ்கற். என் பெட்டியைத் தூக்கி மேடையில் வைத்தார். நான் மூச்சு வாங்கி முடியும் வரைக்கும் பொறுத்திருந்தார்.

"ஐயா, ரெண்டு மாதத்திலை நான் புத்தளத்துக்கு வாறன். அதுக்குள்ளை ஆரிட்டையும் விசாரிச்சால் ஒரு சொல் சொல்லுங்கோ. வெறும் கொடியும் பிறையும் எண்டால் எல்லாக் கதவும் ஒண்டுதான். ஆனால் எங்கடையிலை ஒரு நிச்சய அடையாளம் இருக்கு. கதவின்ரை பின்பக்கத்திலை…"

"தம்பி, ரெயின் வரப்போகுது," என்றேன்.

அவர் வாயை மூடினார். மேடையில் தொங்கிய பலகை இன்னும் பதினொரு நிமிடம் என்று காட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார். பதினொரு நிமிடமும் நாங்கள் இருவரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றையும் எண்ணாமல் விடாத நான், கேட்டால் ஒரு வசனத்தில் முடிந்திருக்கும் ஒன்றைக் கேட்கப் பயந்து நின்றேன். அடையாளம் தெரிந்தால் எங்கள் கதவு அதுதானா இல்லையா என்று தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். சங்கத்தில் வெங்காயச் சேமிப்புப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். அவரிடமிருந்து வட்ஸ்அப்பில் மூன்று செய்திகள் வந்தன. முதலாவது, போய்ச் சேர்ந்தீர்களா. இரண்டாவது, நான் விழுந்த பாலத்தின் படம், அதற்குக் கீழே "இறங்குதுறை" என்று எழுதியிருந்தார். மூன்றாவது, "விசாரிச்சியளோ ஐயா?" நான் "விசாரிக்கிறன்" என்று பதில் போட்டேன். யாரிடம் விசாரிக்க? கதவு என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

திரும்பி வந்து அறுபத்தெட்டாவது நாள் மனைவியிடம் சொன்னேன். வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"பின்பக்கத்திலை என்னவாம்?"

"கேக்கேல்லை."

"ஏன், வாய் இல்லையோ? ஊரிலை வாறவை போறவையை எவடம், ஆற்றை பிள்ளை எண்டு அரிச்செடுக்கிற வாய்தானே?"

"கேட்டால் குடுக்க வேண்டி வந்திருக்கும்."

"குடுத்தால் என்ன? கள்ளன் வருவானெண்டோ? இஞ்சை இப்ப கள்ளன் கூரையாலைதான் வாறான்." பிறகு குரலைத் தணித்தார். "அந்த மனிசி அங்கை கதவில்லாமல் இருக்கிறாவாம். இவர் இஞ்சை நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறார். படத்தை எடுத்து அனுப்புங்கோ, இஞ்சருங்கோ. இப்பவே."

முற்றத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினேன். "எங்கடை வீட்டுக் கதவு. பாரும் தம்பி" என்று மட்டும் எழுதினேன். அதற்குள் அவர் புத்தளம் வந்துவிட்டிருந்தார். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது.

"ஐயா, அந்தத் தாமரைக்குக் கீழை என்ன இருக்கு?"

கதிரை போட்டு ஏறினேன். முதல் மூன்று திருகாணியும் சுழன்று வந்தன. நான்காவது துருப்பிடித்து இறுகியிருந்தது. மனைவி கதிரையைப் பிடித்துக்கொண்டு, விழப்போறியள், விழப்போறியள் என்று சொல்லிக்கொண்டே நின்றார். தாமரை கழன்றதும் உளி போன தடம் அப்படியே இருந்தது. நிறம் பூசாத மரம். பிறையின் வெளிவளைவு ஒரு பக்கம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. ஓடாவியார் மனமில்லாமல் வெட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் கண்டேன். அதையும் படம் எடுத்து அனுப்பினேன்.

பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலச் சரிக்குறி காட்டியது. ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம் கழித்து அழைப்பு வந்தது.

"ஐயா, உம்மாட்டைக் காட்டினன். உங்களோடை கதைக்கோணுமாம்."

மெலிந்த, ஆனால் தெளிவான குரல்.

"தம்பி, கதவுக்குப் பின்னாலை, இடது பக்கம், கீழ்க் கொண்டிக்குப் பக்கத்திலை ஒரு இரும்புத் தகடு இருக்கோ? எலி கடிச்ச ஓட்டையை அவர் தகடு வைச்சு அடைச்சவர். அஞ்சு ஆணி."

இல்லை என்று எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு நாளும் அந்தக் கொண்டியைப் போடுகிறவன். ஆனாலும் போய்க் குனிந்து, கையால் தடவிப் பார்த்தேன். மரம் மட்டும்தான்.

"இல்லை அம்மா."

"அப்ப எங்கடை இல்லை," என்றார்.

எனக்குள் ஏதோ இளகி இறங்கியது. அது நிம்மதி. அதை இங்கே மறைக்காமல் எழுதவேண்டும். அந்த மனிசிக்குக் கதவு கிடைக்கவில்லை என்று கேட்ட கணத்தில் எனக்கு வந்தது நிம்மதி. அன்று ரயில் மேடையில் மகனை ஒரு வசனம் முடிக்க விட்டிருந்தால், இது அன்றைக்கே தெரிந்திருக்கும். என்னை நம்பி அவர்கள் காத்திருந்த அறுபத்தெட்டு நாளும் மிஞ்சியிருக்கும்.

"ஒண்டு கேக்கட்டோ தம்பி?" என்றார் அந்த அம்மா. "பிறையை ஏன் வெட்டினனீங்க?"

அதட்டலாகக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"வாற சனம் பாத்தால் ஆற்றை கதவு எண்டு தெரிஞ்சுபோகுமெண்டு, அம்மா."

பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை, மகனோடு கதைத்தார். எனக்குக் கேட்டது.

"எங்கடையையும் இப்பிடித்தான் வெட்டியிருப்பினம் மகன். வெட்டின கதவை வைச்சு நான் என்ன செய்ய? வேண்டாம். நீங்க ஒரு புதுக் கதவு போடுங்கோ. நான் வாறன்."

மகன் கைபேசியை வாங்கினார். வெளியே நடந்து வருகிறார் என்று காற்றின் இரைச்சலில் தெரிந்தது.

"ஐயா, இது எங்கடை இல்லையெண்டாலும் எங்கடை தெருவிலை ஆற்றையோ ஒராளின்ரைதானே. எங்கடை ஆக்களின்ரை வட்ஸ்அப் குழுவிலை படத்தைப் போடட்டோ?"

"போடும் தம்பி. ஆராவது தங்கடை எண்டால் வந்து கழட்டிக்கொண்டு போகட்டும். நிலையையும் சேத்து." இது மனதாரச் சொன்னது. பக்கத்தில் நின்ற மனைவியும் தலையாட்டினார். ஆனால் என் வாய் அதோடு நிற்கவில்லை. "என்ரை பேரை மட்டும் போடாதையும். ஊரிலை சங்கம் அது இதெண்டு இருக்கிறன்."

"ஓம் ஐயா," என்றார். "எனக்கு விளங்குது."

அவருக்கு விளங்கும் என்று எனக்கும் தெரிந்தது. கதவைக் கழற்றத் தயாரான பிறகும், ஆற்றை கதவு என்று சனம் கேட்டுவிடக் கூடாது என்றே நின்றேன். இதை எழுதும்போதும் பேரில்லாமல்தான் எழுதுகிறேன்.

அழைப்பை முடிக்க முன்னர் அவர் சொன்னார்: "உண்மையிலை பெரிய உதவி ஐயா. ரெண்டு வருசமா நாங்க சொல்லியும் உம்மா கேக்கேல்லை. உங்கடை கதவைப் பாத்தாப் பிறகுதான் ஓம் எண்டவ. வாற கிழமையே கதவுக்குச் சொல்லப்போறன். வீடு முடிஞ்சிடும்."

"பறவாயில்லைத் தம்பி," என்றேன்.

எது பறவாயில்லை என்று நான் சொன்னேன் என்பது எனக்கே தெரியாது.